உங்களுக்குத் தெரியுமா? – 10க்கு 12 காம்பராவில் ஒரு குடித்தனம்

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. மொத்தம் 120 சதுர அடி. 5 அடி அகலக் கட்டில் ஒன்றை உள்ளே இறக்கினால் 30 சதுர அடிக்கு மேல் போய்விடும், அதாவது காம்பராவில் கால்வாசி. பதுளை டவுனில் கட்டில் வாங்கப் போகிறவர்கள் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள், பலகையைத் தட்டிப் பார்க்கிறார்கள். அளவு நாடாவோடு வந்த ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

•

கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, குசினி, ஜன்னல், சாவி எல்லாமே போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். காம்பராவும் அந்த வழியில் வந்ததுதான். வாசலில் இருக்கும் இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது. லயம், ஆங்கிலேயரின் ‘லைன்’. நமக்கென்று மிஞ்சுவது பாய், அடுப்பு, அம்மி, உரல். பல காம்பராக்களுக்கு அலுமாரி வந்து சேர இரண்டு மூன்று தலைமுறை பிடித்தது. பெயர் மட்டும் முன்னாடியே வந்துவிட்டது.

•

ஒற்றை லயத்துக்கும் இரட்டை லயத்துக்கும் சாமான் அடுக்கும் கணக்கு வேறு. இரட்டை லயத்தில் இரண்டு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்சுவரில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. வெளிச்சம், காற்று, விருந்தாளி எல்லாம் முன்பக்கமாகத்தான் வரவேண்டும். ஆனால் கூரையின் முகடு அந்தப் பின்சுவருக்கு நேர்மேலே இருப்பதால், காம்பராவிலேயே உயரமான இடம் அதுதான். உயர அலுமாரி அங்கே. முன்பக்கம் தகரம் சரிந்து இறங்கும் இடத்தில் பெட்டி, வாங்கு, தையல் மெஷின் போன்ற குள்ளச் சாமான்கள். தையல் மெஷினுக்கு அங்கே வெளிச்சமும் கிடைக்கும். ஒற்றை லயத்தில் முகடு நடுவில் விழும். அங்கே உயரச் சாமானை நடுத்தட்டியோடு ஒட்டி வைப்பதுதான் சரி.

•

பழைய ஆட்கள் காம்பராவை நேரத்தைப் பார்த்து அடுக்கினார்கள். என் அம்மாயி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துவார், கம்பளிகளை மடித்துக் கொடியில் போடுவார். அதோடு படுக்கையறை முடிந்தது. அடுப்பு மூட்டினால் அதே இடம் குசினி. பின்னேரம் பிள்ளைகள் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கொப்பியை விரித்தால் பள்ளிக்கூடம். ஜப்பான்காரர்களும் பரம்பரையாகப் பகலில் மெத்தையை மடித்து மாடத்துக்குள் வைத்துவிடுகிறார்கள்; அதை உலகம் முழுவதும் அழகுக் கலை என்கிறது. நம் வீட்டில் செய்ததற்கு வசதியில்லாமை என்று பெயர்.

சிக்கல் தொடங்கியது சுருட்ட முடியாத சாமான்கள் வந்தபோதுதான். செட்டி, கண்ணாடி அலுமாரி, டீவி ஸ்டாண்ட் என்று ஒவ்வொன்றும் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு இரவும் பகலும் நகராது. சின்ன வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்கள் கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இது மடியுமா, ஒன்றின்மேல் ஒன்று அடுக்க முடியுமா? எல்லாரும் கேலி செய்கிற பிளாஸ்டிக் கதிரை இந்தப் பரீட்சையில் முதலாவதாகத் தேறும்.

•

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1926இல், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு குசினியை வரைந்தார். அதற்கு அவர் மாதிரியாகப் பார்த்தவற்றில் ஒன்று, ரயில் உணவுப் பெட்டியின் சமையல்கட்டு. கிட்டத்தட்ட 6 அடி அகலம், 11 அடி நீளம். கைக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். இன்று பலகைத் தட்டுகளோடு கட்டப்படும் குசினிகளுக்கெல்லாம் மூத்த அக்கா அதுதான். நீள ஒடுக்கமாகப் பத்தி இறக்கிக் குசினி கட்டியிருப்பவர்கள் கைக்கெட்டும் தூரம் என்ற அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஒரு நீளச் சுவரில் மட்டும் அடுப்பும் தட்டும், எதிர்ச்சுவரை வெறுமையாக விடுங்கள். இரண்டு பக்கமும் சாமான் வைத்தால் கறிச்சட்டியோடு திரும்ப முடியாது.

•

ஆடி, ஆவணியில் ஊவாவில் வீசும் வறண்ட கச்சான் காற்றுதான் நம் தேயிலைக்கு அந்தப் பேர்பெற்ற வாசனையைக் கொடுக்கிறது. அதே காற்று மரத்தையும் உலர்த்திச் சுருக்கும். ஐப்பசியில் வடகீழ் மழை தொடங்கினால் அதே மரம் ஈரம் குடித்து ஊதும். அலுமாரிக் கதவு மூடாது. உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைப்புளி போட்டுவிடாதீர்கள். மார்கழியில் சீவிய கதவு அடுத்த ஆவணியில் விரல் நுழையும் அளவு இடைவெளி காட்டும்.

•

ஆனால் வீட்டின் வாசல் கதவே திடீரென்று நிலையில் இறுகினால், கூடவே சுவரில் புது வெடிப்பும் தெரிந்தால், அது மரத்தின் வேலை அல்ல. மண் நகரும்போது தெரியும் அடையாளங்களில் இவையும் உண்டு. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மலையை வெட்டிக் கட்டிய லயத்தில், மேட்டுப் பக்கச் சுவரை அலுமாரியால் முழுசாக மறைக்காதீர்கள். 4 அங்குலமாவது விலக்கி, செங்கல் அல்லது கட்டைமேல் ஏற்றி வையுங்கள். துணி பூஞ்சணம் பிடிக்காது. வெடிப்பு விழுந்தால் கண்ணிலும் படும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றும் ஒரே பெட்டியில் வாசலோரம் இருக்கட்டும். வாசலை மறித்து எதுவும் வேண்டாம், மோட்டார் சைக்கிள் உட்பட.

•

அப்புத்தளை அடிசம் பங்களா 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டியது. கருங்கல் சுவர், உள்ளே பர்மாத் தேக்கு. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். பார்க்கப் போகிறவர்களுக்கு வரவேற்பறையும் நூலகமும் திறந்திருக்கும். இரண்டே அறை பார்த்துவிட்டு வருகிறோம். நம் லயத்துக் குடும்பங்கள் மூன்று அதற்குள் அடங்கும் என்று கூட வந்த ஒரு அக்கா கணக்குப் போட்டார்.

•

1956இல் சுவீடனின் ஐக்கியா கம்பெனியில் ஒருவர் ஒரு மேசையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றினாராம். கழற்றிப் பூட்டும் சாமான் வியாபாரம் அந்தக் கம்பெனியில் வளர்ந்த கதையை அங்கிருந்துதான் சொல்வார்கள். லயத்துப் படியில் பாதியில் மாட்டிக்கொண்ட அலுமாரியை நான்கு பேர் சுமந்து நின்ற ஒருநாள், அந்தச் சுவீடன்காரரை நான் மனதார நினைத்துக்கொண்டேன்.

•

இந்திய உதவித் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு முதலில் 4,000 வீடுகள். ஒவ்வொன்றும் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. காம்பராவைப்போல் நான்கரை மடங்கு. குடிபோன சில வீடுகளில் பார்த்தேன்: முன்னறைச் சாமான் முழுவதும் ஒரே சுவரோடு நெருக்கி வைத்திருக்கிறது, நடுவில் வெற்றுத் தரை. பழக்கம் விடவில்லை. ஒரு வகையில் அது நல்லது, படுக்க வரும் சொந்தக்காரர்கள் பாய் விரிக்க இடம் வேண்டும் அல்லவா?

•

ஒரே வாசலிலிருந்து வெளிச்சம் வரும் காம்பராவில், முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் வாசலுக்குக் கிட்ட மாட்டுங்கள். உள் மூலைவரை வெளிச்சம் போகும். எதிர்ச்சுவருக்கு வெள்ளை. புகை படிந்த சுவரில் முன்னர் பத்திரிகை ஒட்டுவார்கள்; வீரகேசரித் தலைப்புகளைக் கட்டிலில் படுத்தபடி எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள் பலர்.

•

இரட்டை லயத்தில் பின்சுவரில் ஆணி அடிக்கும் முன் பின்வீட்டுக்கு ஒரு குரல் கொடுங்கள். அதே சுவரின் மறுபக்கம் அவர்களுடைய முருகன் படம் தொங்கிக்கொண்டிருக்கும்.