கமெரா வில்லையும் அதன் இணைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

புகைப்படம் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒரு வகை, படத்தைப் படைத்த கலைஞனின் பார்வையையும் உணர்வையுமே பேசும். கருவிக்கு அங்கு இடமில்லை. மற்றொரு வகை, கருவியின் சிறப்புக்களை விற்பனையாளரின் மொழியிலே பட்டியலிடும். மனிதருக்கு அங்கு இடமில்லை. இலக்கியத் திறனாய்விலே உருவத்தையும் உள்ளடக்கத்தையும் வேறுவேறாகப் பிரித்து நோக்குவோர் எய்தும் இடர்ப்பாட்டையே இங்கும் காண்கின்றோம். கருவி என்பது மனித உழைப்பின் திரட்சி. அதனை ஆக்கிய சமூகத்தின் உறவுகளும் அதன் வடிவத்திலே பதிந்திருக்கும். கமெராவின் மாற்று வில்லைகளை, அதாவது ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டத்தக்க வில்லைகளை, எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வில்லையின் கண்ணாடியையும், வில்லையும் கமெராவும் சந்திக்கும் இணைப்பையும் நாம் ஒருங்கே நோக்குதல் வேண்டும். கண்ணாடி பல தலைமுறைகளின் கூட்டுழைப்பால் விளைந்தது. அதன் பயன் யாரைச் சேரும் என்பதைப் பெருமளவிற்குத் தீர்மானிப்பது இணைப்பேயாகும்.

முதலிற் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். தனியொரு குவிவு வில்லை தெளிவான படத்தைத் தருவதில்லை. அதன் நடுவின் வழியாகவும் விளிம்பின் வழியாகவும் செல்லும் கதிர்கள் ஒரே புள்ளியிற் குவிவதில்லை. நீல ஒளியும் செவ்வொளியும் வெவ்வேறளவில் முறிவதனால் உருவங்களின் ஓரத்தில் நிறக்கரை தோன்றும். ஒரு வில்லையின் குறையை மற்றொன்றின் எதிர்க்குறையாற் சமன்செய்வதே வில்லையமைப்பின் அடிப்படை. இதற்கு முறிவுச்சுட்டியாலும் நிறப்பிரிகையாலும் வேறுபட்ட பலவகைக் கண்ணாடிகள் தேவை. 1884 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷொட், ஏர்ன்ஸ்ற் அபே, கார்ல் சைஸ் முதலியோர் தொடங்கிய கண்ணாடி ஆய்வுகூடமே அத்தகைய கண்ணாடிகளைத் திட்டமிட்டு ஆக்கித் தந்தது. நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனான அபே 1889 இல் சைஸ் அறநிதியத்தை நிறுவினார்; 1900 இல் அத்தொழிற்சாலையில் எட்டு மணிநேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. நுண்ணிய பொருளை ஆக்குவோரின் உழைப்பு நிலைமை பற்றிய கேள்வி இத்தொழிலின் தொடக்க காலத்திலேயே எழுந்துவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

சைஸ் நிறுவனத்திற் பணியாற்றிய போல் றூடோல்ப் 1896 இல் பிளானர் என்னும் வில்லையை அமைத்தார். ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக அமைந்தது அது. 1902 இல் வெளிவந்த ரெஸார், நான்கே கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாகக் கொண்டது. குறைகளைத் திருத்தும் ஆற்றல் பிளானரின் அமைப்பிலேயே மிகுதி. எனினும் நெடுங்காலம் பரவிநின்றது ரெஸாரே. இதன் காரணம் எளிய கணக்கொன்றிற் புலப்படும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு மேற்பரப்பிலும் ஏறத்தாழ 4 வீதமான ஒளி தெறித்துவிடும். பிளானரில் இத்தகைய மேற்பரப்புக்கள் 8. எனவே நுழையும் ஒளியில் ஏறத்தாழ 28 வீதம் நேர்வழியில் அப்பாற் செல்வதில்லை. ரெஸாரில் மேற்பரப்புக்கள் 6. இழப்பு ஏறத்தாழ 22 வீதம். தெறித்த ஒளியின் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தின்மீது வெண்திரை போற் படிந்து கருமையை வெளிறச்செய்தமை அதனினும் பெரிய கேடாகும்.

1935 இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்கூலா இதற்குத் தீர்வு கண்டார். ஒளியலையின் நீளத்தில் நான்கிலொரு பங்கு தடிப்புடைய மெல்லிய படலத்தை வெற்றிடத்திலே கண்ணாடிமீது படியச்செய்தால், படலத்தின் இரு பக்கங்களிலுமிருந்து தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழிக்கும். இம்முறை ஜேர்மனியிற் சிலகாலம் இராணுவ இரகசியமாகப் பேணப்பட்டது. போர் முடிந்து இது பொதுவழக்கான பின்னரே பிளானரின் வழிவந்த அமைப்புக்கள் உலகெங்கும் பொதுப்பயன் வில்லைகளாயின. றூடோல்பின் சிந்தனை, தன்னைத் தாங்கவல்ல உற்பத்திச் சக்திகள் தோன்றும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருந்தது எனலாம். மேதைகளின் வரலாறாக மட்டும் தொழில்நுட்பத்தை எழுதுவோர் இதனை விளக்குதல் அரிது.

இனி இணைப்பை நோக்குவோம். வெற்ஸ்லார் நகரின் லைற்ஸ் நிறுவனம் 1925 இல் லைக்கா கமெராவை விற்பனைக்கு விட்டது. 1930 இல் அதன் வில்லை கழற்றத்தக்கதாயிற்று. ஆயினும் ஒவ்வொரு கமெராவிற்கும் அதற்குரிய வில்லைகளைத் தொழிற்சாலையிலே தனித்தனியாகச் சரிப்படுத்த வேண்டியிருந்தது. வில்லை பொருந்தும் உலோக விளிம்பிலிருந்து படச்சுருள் வரையுள்ள தூரத்தை விளிம்புத்தூரம் என்போம். அதில் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு சில கூடினாலோ குறைந்தாலோ குவியம் பிசகிவிடும். 1931 இல் இத்தூரம் 28.8 மில்லிமீற்றராக நிலைப்படுத்தப்பட்ட பின்னரே எந்த வில்லையும் எந்த லைக்காவிலும் பொருந்தியது. எனவே மாற்றத்தக்க தன்மை வில்லையின் இயற்கைக் குணமன்று. பல கைகள் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டு உழைத்ததன் பேறாகும். ஆனால் 1932 இல் சைஸ் இக்கோன் நிறுவனம் வெளியிட்ட கொன்ராக்ஸ் கமெராவின் இணைப்பு லைக்காவினதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. ஒரு நிறுவனத்திற்குள் ஒழுங்காக விளங்கிய அளவு, நிறுவனங்களுக்கிடையே வேலியாயிற்று.

போர் இவ்வேலிகளைச் சிலகாலம் குலைத்தது. 1945 இல் யேனாவை முதலில் அடைந்த அமெரிக்கப் படையினர் சைஸ் நிபுணர் பலரை மேற்கே அழைத்துச் சென்றனர். பின்னர் வந்த சோவியத் நிருவாகம் இயந்திரங்களை இழப்பீடாகப் பெயர்த்துச் சென்றது. கியெவ் நகரிலே கொன்ராக்ஸின் வழிவந்த கமெராக்கள் உற்பத்தியாகின. 1949 இல் கிழக்கு ஜேர்மனியின் திறெஸ்டன் நகரிலிருந்து கொன்ராக்ஸ் எஸ் வெளிவந்தது. அதன் இணைப்பு 42 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் இடைவெளியுமுடைய எளிய திருகுபுரி; விளிம்புத்தூரம் 45.46 மில்லிமீற்றர். கடைசல் இயந்திரமுள்ள எவரும் வெட்டத்தக்க இப்புரியைக் கிழக்கு ஜேர்மனியின் பிறக்ரிக்கா, சோவியத் ஒன்றியத்தின் செனிற், யப்பானின் பென்ராக்ஸ் ஆகியன கையாண்டன. கிறஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையின் ஹீலியோஸ் வில்லையை யப்பானியக் கமெராவிற் பூட்டிப் படமெடுத்தல் கூடுமாயிற்று. பனிப்போரின் எல்லையைக் கடந்த பொதுச்சொத்தாக அப்புரி விளங்கியது. எந்த நிறுவனத்தின் தாராள மனமும் இதற்குக் காரணமன்று. பிறர் புகாதவாறு தடுப்பதற்கு அதில் ஏதும் இருக்கவில்லை என்பதே காரணம்.

எனினும் திருகுபுரியைப் போற்றி, அதன்பின் வந்தவை அனைத்தையும் சூழ்ச்சியெனத் தள்ளுவது வறட்டுவாதமாகும். திருகும் வில்லை ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரே கோணத்தில் வந்து நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. அதனால் வில்லையின் துவார அளவைக் கமெராவின் ஒளிமானிக்கு நெம்புகோல்கள் வழியே அறிவித்தல் கடினமாயிற்று. சிறு திருப்பத்திலேயே பூட்டிக்கொள்ளும் பயனெற் இணைப்பு இக்குறையைத் தீர்த்தது. நிக்கோன் நிறுவனம் 1959 இல் எப் கமெராவுடன் புகுத்திய இணைப்பு அத்தகையது. அதன் அடிப்படை வடிவம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்தது. ஆனால் வில்லையும் கமெராவும் பரிமாறும் செய்திகள் பெருகப் பெருக, பிறர் பின்பற்றுதற்கரிய பகுதிகளும் பெருகின. தேவையும் வேலியும் ஒரே உலோக வளையத்திலே ஒன்றாய்ப் பிணைந்தன. இதுவே நமது பொருளின் உள்முரண்பாடாகும்.

1987 இல் இம்முரண்பாடு வெளிப்படையாயிற்று. கனன் நிறுவனம் தனது பழைய இணைப்பைக் கைவிட்டு, 54 மில்லிமீற்றர் விட்டமுடைய புதிய இணைப்பை அறிமுகப்படுத்தியது. குவியத்தை இயக்கும் மோட்டார் வில்லைக்குள்ளேயே வைக்கப்பட்டது; நெம்புகோல்களுக்குப் பதிலாக மின்தொடுகைகள் வந்தன. தொழில்நுட்ப நோக்கில் இது உண்மையான முன்னேற்றமே. ஆனால் பழைய வில்லைகளைப் பணம் சேர்த்து வாங்கியோர், கண்ணாடியில் எக்குறையும் இல்லாதிருந்தும், அவற்றைப் புதிய கமெராவிற் பயன்படுத்த முடியாதவராயினர். அவ்வில்லைகளின் பயன்பெறுமதி குன்றவில்லை. அதனை எய்தும் வழியே மூடப்பட்டது.

அண்மைக்கால மாற்றமொன்று அவ்வழியை எதிர்பாராதவாறு திறந்தது. பழைய கமெராக்களில் வில்லைக்கும் படச்சுருளுக்குமிடையே சாய்ந்த ஆடியொன்று இருந்தமையால் விளிம்புத்தூரம் பெரிதாயிருந்தது. ஆடியற்ற கமெராக்களில் அது வெகுவாகச் சுருங்கியது. சோனி 2010 இல் கொணர்ந்த இணைப்பில் அது 18 மில்லிமீற்றர். 2018 இல் வந்த நிக்கோன் இணைப்பில் 16 மில்லிமீற்றர். அதே ஆண்டின் கனன் இணைப்பில் 20 மில்லிமீற்றர். எனவே 27.46 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெற்று வளையமொன்றினால் திறெஸ்டன் புரியுடைய பழைய வில்லையைச் சோனி கமெராவிற் பூட்டலாம். குவியத்தைக் கையாற் சரிசெய்ய வேண்டும், அவ்வளவே. மறைந்த தொழிற்சாலைகளின் உழைப்பு இவ்வாறு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆயின் வேலி மறைந்ததெனக் கொள்ளலாகாது. உலோகத்திலிருந்து அது மின்செய்திக்கு இடம்பெயர்ந்துள்ளது. இன்றைய வில்லைகள் பலவற்றில் நேர்கோடுகள் வளைந்து தோன்றும் குறையைக் கண்ணாடியால் முழுதும் திருத்தாது, கமெராவிலுள்ள கணனி திருத்துகின்றது. அதற்கான தரவை வில்லையே அனுப்புகின்றது. அச்செய்தியின் மொழியை அறியாதவர் ஆக்கும் வில்லை, உலோகத்தாற் பொருந்தினும் தொழிற்பாட்டிற் குறைவுபடும். இம்மொழியை எவ்வாறு கையாள்வதென்பதில் நிறுவனங்கள் வேறுபட்டுள்ளன. ஒலிம்பஸும் பனசொனிக்கும் 2008 இல் ஒரு பொது இணைப்பை ஏற்றன. சோனி 2011 இல் தன் இணைப்பின் அடிப்படை விவரங்களைக் கட்டணமின்றிப் பிற உற்பத்தியாளருக்கு வழங்கத் தொடங்கியது. லைக்கா, பனசொனிக், சிக்மா ஆகியன 2018 இல் ஓரிணைப்பின்கீழ்க் கூட்டுச் சேர்ந்தன. மறுபுறம் 2022 இல் கனன், தன் உரிமங்களை மீறுவதாகக் கூறி, பிறர் ஆக்கிய தானியங்கிக் குவிய வில்லைகளின் விற்பனையை நிறுத்தக் கோரியது. 2024 இல் வேறிரு நிறுவனங்கள் சிறிய உணரி கொண்ட கமெராக்களுக்குரிய வில்லைகளை அதன் அனுமதியுடன் அறிவித்தன.

ஆராய்ச்சிக்குச் செலவிட்டவர் அதன் பயனைக் காத்துக்கொள்வது நியாயமன்றோ என வினவுவோர் உளர். புதிய ஆய்வுக்கு முதலீடு வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாய்வு வெறுமையிலிருந்து தொடங்கவில்லை. யேனாவின் கண்ணாடி, றூடோல்பின் அமைப்பு, ஸ்மக்கூலாவின் படலம், அளவு பிசகாது கடைந்த எண்ணற்ற தொழிலாளரின் திறன் ஆகிய அனைத்தும் இன்றைய ஒவ்வொரு வில்லையிலும் அடங்கியுள்ளன. புதிய ஒளியமைப்புக்கு உரிமை கோருவது ஒன்று; பிறர் அமைத்த வில்லை தன் கமெராவுடன் பேசலாகாதெனத் தடுப்பது வேறொன்று. முன்னது ஆக்கத்திற்கு ஊதியம். பின்னது வாயிலில் நின்று பெறும் வரி.

சிறந்த வில்லை சிறந்த படத்தைத் தானே தோற்றுவிக்கும் என்பதன்று நமது முடிவு; அது கருவியை வழிபடுவதாகும். எவருக்கு எக்கருவி எட்டும், அது எவ்வளவு காலம் உழைக்கும் என்பன படைப்பின் புறநிலை நிபந்தனைகளாகும். அச்சுக் கூலியையும் வாசகர் தொகையையும் கணக்கிலெடாது நாவலின் வரலாற்றை எழுதமுடியாதவாறே, இந்நிபந்தனைகளை விடுத்துப் புகைப்படக் கலையின் வரலாற்றையும் எழுதமுடியாது. எனவே கமெரா வாங்கும் நிறுவனமாயினும் தனியாளாயினும் படத்தின் தெளிவையும் விலையையும் விசாரிப்பதோடு நின்றுவிடலாகாது. இவ்விணைப்புக்கு வில்லை ஆக்கும் உரிமை யாருக்குண்டு என்றும், இன்று வாங்கும் வில்லை இருபது ஆண்டுகளின் பின்னரும் பொருந்துமா என்றும் கேட்டல் வேண்டும். எவருக்கும் திறந்த பொது இணைப்பைக் கோருவது இக்கேள்விகளிலிருந்தே தொடங்கும்.