உங்களுக்குத் தெரியுமா? சொல்லின் எல்லையைக் காட்டும் உயிரொலி

துருக்கிய மொழியில் பன்மை விகுதிக்கு இரண்டு வடிவங்கள். 'எவ்' (வீடு) 'எவ்லெர்' ஆகும். 'அட்' (குதிரை) 'அட்லார்' ஆகும். சொல்லின் கடைசி உயிரொலி, 'எ' போல நாக்கு முன்னே வர ஒலிக்கும் முன்னுயிரானால் விகுதியிலும் முன்னுயிர்; 'அ' போல நாக்கு பின்னே போக ஒலிக்கும் பின்னுயிரானால் பின்னுயிர். அரபியிலிருந்து வந்த 'கிதாப்' (புத்தகம்) தனக்குள் இந்த ஒழுங்கை மீறினாலும், அதன் பன்மை ஒழுங்குப்படி 'கிதாப்லார்'தான். ஒரு சொல்லின் உயிரொலிகள் இப்படி ஒத்துப்போவதே உயிரொலி இயைபு.

ஃபின்னிய மொழியிலும் இது உண்டு. எழுத்தில் இருப்பதுபோல் பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எல்லையைக் கேட்பவரே கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் இயைபு அருமையாகக் கைகொடுக்கிறது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்னால் ஒட்டிய அசையின் உயிரொலி இயையாதபோது, உள்ளிருந்த சொல்லை ஃபின்னிய மொழியினர் எளிதாகக் கண்டுகொண்டனர். இயைபு முறியும் இடத்தில் அவர்கள் காது புதுச்சொல்லை எதிர்பார்க்கிறது.