சுருதி மாறும் கச்சேரி

ஹைதராபாத்தில் நம் தமிழ்க் குடும்பங்களின் ரிசப்ஷன்களில் நாகஸ்வரம் ஓய்ந்ததும் டிஜே வந்துவிடுகிறார். பெரியவர்கள் "ஒரே இரைச்சல்" என்று காதைப் பொத்திக்கொள்கிறோம். என் தங்கை மகன் கச்சிபௌலி பக்கம் டெக்னோ இசைக்கு இதே வேலையைச் செய்கிறான். பத்து வருஷம் வயலின் கற்றவன் இப்படிப் போய்விட்டானே என்று அவன் தகப்பனார் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் செய்வதுதான் என்ன என்று இரண்டு மாலைப்பொழுது உடன் இருந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

டெக்னோ 1980களின் நடுவில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தது. (அதற்கு முன்பே, 1982-ல், மும்பையின் சரண்ஜித் சிங் ரோலண்ட் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார் என்பது நமக்குப் பெருமை. அதில் நம் மோகனமும் இந்தோளமும் பூபாலி, மால்கௌன்ஸ் என்ற பெயர்களில் இருக்கின்றன.) நிமிடத்துக்குச் சுமார் 130 தட்டு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதில்லை. இரண்டும் ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம், சேர்ந்தே ஒலிக்கும். பெரும்பாலும் 32 தட்டுக்கு ஒருமுறை, அதாவது ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை, பாட்டில் புதிதாக ஏதாவது வரும். அந்த இடத்தில்தான் அடுத்ததை நுழைக்கவேண்டும்.

தாளம் சேர்ந்தால் மட்டும் போதாது. ஒரு சுருதிப் பெட்டியை 1 கட்டையிலும் இன்னொன்றை ஒன்றரையிலும் வைத்துக் கேளுங்கள், தெரியும்.

இதற்காக அவர்கள் கேமலாட் சக்கரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கடிகாரம் போல 12 எண்கள். ஒவ்வொன்றிலும் மேஜர் ஒன்று, மைனர் ஒன்று. 8-ல் இருப்பவை சி மேஜரும் ஏ மைனரும். நம் கணக்கில் 1 கட்டைச் சங்கராபரணமும் 6 கட்டை நடபைரவியும். ஸ்வரங்கள் அதே ஏழுதான். தைவதத்தை ஷட்ஜமாக்கிய கிரகபேதம்! 9-க்குப் போனால் ஒரே ஒரு ஸ்வரம் மாறும்: 1 கட்டையிலிருந்து பார்த்தால் மத்யமம் உயர்ந்து கல்யாணி. 7-க்குப் போனால் நிஷாதம் இறங்கி ஹரிகாம்போஜி. ஆகவே அதே எண் அல்லது பக்கத்து எண்ணில் உள்ள பாட்டைச் சேர்த்தால் பொதுவாக உறுத்தாது.

இதில் ஒரு சிக்கல். பழைய இசைத்தட்டு முறையில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். சுமார் 6 சதவீதம் கூட்டினால் அரைக் கட்டை. 125-ல் ஓடும் ஏ மைனர் பாட்டை 132-க்கு மேல் தள்ளினால் அது 8-ல் இருக்காது, 3-க்குப் போய்விடும். இன்றைய கருவிகளில் சுருதியைப் பூட்டிவைக்க ஒரு பொத்தான் உண்டு. அளவுக்கு மீறி இழுத்தால் மேளச் சத்தம் மழுங்குகிறது.

எந்தப் பாட்டு எந்த எண் என்று கம்ப்யூட்டரே சொல்லும். ஆனால் சங்கராபரணத்துக்கும் நடபைரவிக்கும் ஸ்வரங்கள் ஒன்றே என்பதால் ஆதார ஷட்ஜம் எது என்பதில் அது தடுமாறுவதுண்டு. தங்கை மகன் வயலினை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து எண்ணைத் திருத்துகிறான். பத்து வருஷப் படிப்பு எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் இதைப் பார்க்கவேண்டும்.

நம் கச்சேரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மிகவும் ரசமாகப் பட்டது. நம் பாடகருக்கு மாலை முழுதும் ஒரே சுருதி. அந்தத் தைரியத்தில்தான் ராகங்களை ஒன்றுக்கொன்று சாயல் இல்லாமல் மாற்றிப் போடுகிறார். மோகனத்துக்கு அடுத்து பிலஹரி வைக்கத் தயங்குவார். டிஜேக்கோ பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும். ஆகவே அவர் ஸ்வரங்களை உறவாக வைத்துக்கொண்டு சுருதியை நகர்த்துகிறார்.

வரிசையும் அப்படியே. அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்ததாகச் சொல்லப்படும் முறையில் விறுவிறுப்பான வர்ணம் முதலில் வரும். கனமான ராகம் நடுவில், துக்கடா கடைசியில். டெக்னோவில் முதலில் வாசிப்பவர் அடக்கித்தான் வாசிக்கவேண்டும். கூட்டம் சேருமுன் உச்சத்தைத் தொட்டால், பின்னால் வருபவருக்கு ஏற எங்கே இடம்? அது அங்கே மரியாதைக் குறைவு. இவன் இரண்டு மணி நேரத்துக்கு அறுபது பாட்டு எடுத்துப் போகிறான், பாதிதான் வாசிக்கிறான். மீதி, ஆடுபவர்களின் கால்களைப் பார்த்து மாற்றிக்கொள்வதற்கு.