பூட்டிய அலுமாரியும் ஆசிரிய நூலகரும்

பாடசாலைக்கு நூல்நிலையம் உளதாதல் வேறு. அது மாணவர்க்குப் பயன்படுதல் வேறு. நன்கொடையாக வந்த நூல்களை அலுமாரியில் அடுக்கிப் பூட்டி, திறவுகோலை அலுவலகச் சுவரில் மாட்டிவைத்த பாடசாலைகளை யான் கண்டிருக்கின்றேன். நூலொன்று தொலைந்தால், கணக்கெடுப்பின்போது பொறுப்பாளரே விடைகூறல் வேண்டும் என்னும் அச்சமே அப்பூட்டுக்குக் காரணம். தொலைந்த நூலைப் பற்றிக் கேட்பார் உளர்; படிக்கப்படாத நூலைப் பற்றிக் கேட்பார் இலர்.

சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் 1931இல் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை விளக்கி நூலொன்று வெளியிட்டார். நூல் பயன்கொள்ளற்கே உரியது என்பது முதல் விதியின் கருத்து. வாசகர் ஒவ்வொருவர்க்கும் ஏற்ற நூல் உண்டு, நூல் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வாசகர் உண்டு என்பன அடுத்த இரண்டின் கருத்து. அவ்விரண்டினையுங் கூட்டிவைப்பவர் பாடசாலையில் யாவர்? ஆசிரிய நூலகரே.

தமிழ்ப் பாடத்திலே புராண மாந்தர் ஒருவரின் பெயர் வந்தால், அவர் வரலாற்றை யானே சொல்லிவிடலாம். ஆயினும், வினாவிய மாணவனை நூல்நிலையத்துக்கே அனுப்புவது என் வழக்கம். நல்ல ஆசிரிய நூலகர் அவனுக்கு விடை கூறார். 1910ஆம் ஆண்டில் வெளிவந்த அபிதான சிந்தாமணியை அவன்முன் வைத்து, அகரவரிசையிலே தேடும் முறையை மாத்திரம் காட்டுவார். ஒரு பெயரைத் தேடிச் சென்றவன் அயலிலுள்ள நான்கு பெயர்களையும் அறிந்து மீள்வான். பின்னொருநாள் சொல்லொன்றிலே ஐயம் எழுந்தால், தமிழ் லெக்சிக்கனைத் தானே கேட்டு எடுப்பான். சொல்லக் கேட்ட விடை பரீட்சையோடு மறந்துபோம். தேடிக் கற்கும் பழக்கம் வாழ்நாள் முழுதும் நிற்கும்.

மற்றுமொன்று. ஆசிரிய நூலகர் புள்ளி இடாத ஆசிரியர். எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை, வகுப்பிலே மறைக்கும் தன் குறையை அவரிடம் மறையாது. பிறர் நகையாதவாறு அப்பிள்ளையின் தரத்துக்கேற்ற கதைநூலைத் தெரிந்து கொடுக்க அவராலேயே இயலும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டு தோன்றிய தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் இத்தகையோர்க்குப் பயிற்சி அளிக்கின்றது. பயிற்சி பெற்று வந்தவரை, வராத ஆசிரியர்களின் வகுப்புக்களைப் பார்த்துக்கொள்ள நாள்தோறும் அனுப்பினால், அப்பயிற்சியாற் பயன் என்னை? அவர் வகுப்பறையிலே நிற்கும் நேரமெல்லாம் நூல்நிலையம் பூட்டியே கிடக்கும்.

ஆதலின் அதிபர்களை வேண்டுவன மூன்று. நூலகரை நூல்நிலையத்திலேயே இருக்க விடுக. நேரசூசியிலுள்ள நூலகப் பாடவேளையைப் பரீட்சைப் பயிற்சிக்கெனப் பறியாதிருக்க. கைபட்டுக் கிழிந்த நூலுக்காக அவரைக் கடியாதிருக்க.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம். தீயினால் இழந்ததற்கு இன்றும் வருந்தும் நாம், எஞ்சியவற்றையும் பின் வந்தவற்றையும் பூட்டினால் இழத்தல் தகுமோ?