நன்றாகத் தின்றும் குதிரை இளைக்கிறதா?

‘‘விசேஷங்களுக்கு வாடகைக்கு விட ஒரு குதிரை வளர்க்கிறேன். கொள்ளு, புல் எல்லாம் நன்றாகத் தின்கிறது. ஆனாலும், விலா எலும்பு தெரியும் அளவுக்கு இளைத்துவிட்டது. குடற்புழு மருந்து கொடுத்தும் பலனில்லை. கொள்ளைக் கூட்டிக் கொடுக்கலாமா?’’

கூட்ட வேண்டாம். திடீரென அடர்தீவனத்தை அதிகரித்தால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரலாம். தின்பது உடம்பில் ஏன் சேரவில்லை என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பல்லைப் பாருங்கள். கடைவாய்ப் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தால் தீனியைச் சரியாக மெல்ல முடியாது. லத்தியில் முழுக் கொள்ளும் நீளமான நாரும் வெளியேறும்.

அடுத்து, குடற்புழு. சில வகை உருண்டைப் புழுக்களின் இளம்புழுக்கள் குடல் சுவருக்குள் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். அவை முட்டையிடாது. எனவே, லத்திப் பரிசோதனையில் முட்டை தெரியவில்லை என்பதால் புழுவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பதுங்கிய புழுவை எல்லா மருந்தும் கொல்லாது. எந்த மருந்து என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

இவை இரண்டும் காரணமில்லை என்றால், நாள்பட்ட குடல் அழற்சியாக இருக்கலாம்.

குடல் சுவரில் நோய் எதிர்ப்பு அணுக்கள் எப்போதும் காவல் இருக்கும். தீனியையும், குடலில் வாழும் நல்ல நுண்ணுயிரிகளையும் அவை கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இந்த நோயில் அந்தப் பொறுமை போய்விடுகிறது. வெள்ளை அணுக்கள் குடல் சுவரில் கூட்டமாகக் குவிய, சுவர் தடிக்கிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதைகின்றன. ரத்தத்தில் உள்ள புரதமும் குடலுக்குள் கசிகிறது. அடிவயிற்றிலும் கால்களிலும் நீர் கோத்து வீங்குவது இதனால்தான். சிறுகுடல் மட்டும் பாதிக்கப்பட்டால் கழிச்சல் இல்லாமலும் போகலாம்.

ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். குதிரையைப் பட்டினி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஒரு கிலோ உடல் எடைக்கு 1 கிராம் வீதம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்தும் சோதிப்பார்கள். 2 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை நன்கு உயராவிட்டால், சிறுகுடல் சரியாக உறிஞ்சவில்லை என்று பொருள். தேவைப்பட்டால் மலக்குடலிலிருந்து சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கு விசாரியுங்கள்.

இதற்கான முக்கிய மருந்து ஸ்டீராய்டு. அது எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கும். அதனால்தான் புழுவையும் தொற்றையும் முதலில் கவனிக்க வேண்டும். காவலை அடக்கிவிட்டால் அவை பெருகிவிடும். குளம்பு அழற்சி வரும் ஆபத்தும் உண்டு. கடையில் கேட்டு வாங்கி நீங்களே ஊசி போடாதீர்கள். தேறியது போலத் தெரிந்ததும் மருந்தைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

எல்லாக் குதிரைகளும் தேறிவிடுவதில்லை. எலும்பும் தோலுமாகும் முன்பே சிகிச்சை தொடங்கினால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதுவரை சவாரிக்கு அனுப்பாமல், நல்ல பசும்புல்லையும் உலர்புல்லையும் சிறுகச் சிறுகப் பல வேளையாகக் கொடுங்கள்.