உஷார்! ஒரே தெர்மலில் பல பாராகிளைடர்கள்

பாராகிளைடிங் கற்றுக்கொண்டு, இந்த சீசனில் பீர் பில்லிங்கில் பறக்கக் கிளம்புகிறீர்களா? போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இமாச்சலப் பிரதேசத்தின் தௌலாதார் மலைச்சரிவில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பில்லிங். மழைக்காலம் முடிந்து அக்டோபர் பிறந்ததும் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து குவிகிறார்கள். வெயில் ஏற ஏற, சரிவில் சூடான காற்று மேலெழும். அதுதான் தெர்மல். எஞ்சின் இல்லாத பாராகிளைடர் உயரே போக அதைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அதனால் ஒருவர் மளமளவென்று ஏறுவதைப் பார்த்தால் போதும், சுற்றியிருக்கும் எல்லோரும் அங்கேயே வந்துவிடுவார்கள். வானம் எத்தனை விரிந்து கிடந்தாலும் கூட்டம் முழுவதும் சுற்றுவது சில பத்து மீட்டர் அகலமுள்ள வட்டத்துக்குள்!

2024 அக்டோபர் கடைசியில், உலகக் கோப்பைப் போட்டி அங்கே தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, இரண்டு பாராகிளைடர்கள் நடுவானில் மோதின. பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவர் உயிரிழந்தார்.

கண்ணுக்குத் தெரியாமலா மோதுவார்கள் என்று கேட்காதீர்கள். உங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை உங்கள் இறக்கையே மறைத்துவிடும். நேர் கீழே இருப்பதை இருக்கை மறைத்துவிடும். கீழே சுற்றுபவருக்குத் தெர்மலின் வலுவான நடுப்பகுதி கிடைத்தால், உங்களைவிட வேகமாக ஏறி நேராக உங்கள் காலடிக்கு வந்துவிடுவார். அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்; உங்களுக்கு அவர் தெரியமாட்டார். இதற்கிடையில் ஏற்றத்தைக் காட்டும் வேரியோ கருவி ‘பீப் பீப்’ என்று கூவிக்கொண்டே இருக்கும். அதைக் குனிந்து பார்க்கும் நேரத்தில்தான் விபரீதம். இருவர் ஆளுக்கு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், நடுவிலுள்ள 100 மீட்டர் ஐந்தே விநாடியில் தீர்ந்துவிடும்.

இவற்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்:

தெர்மலில் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, அதே பக்கம்தான் நீங்களும் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றவே கூடாது.

வட்டத்தை நடுவில் வெட்டிக்கொண்டு நுழையாதீர்கள். வெளி விளிம்பை ஒட்டி வந்து, உள்ளே இருப்பவர்கள் உங்களைப் பார்க்கும்படி சேருங்கள்.

கீழிருந்து வேகமாக ஏறி வருபவருக்கு மேலே இருப்பவர்தான் வழிவிட வேண்டும்.

எதிரே தெரியும் பாராகிளைடர் இடம் மாறாமல், அதே புள்ளியில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள். உடனே விலகுங்கள்.

பக்கத்தில் சுற்றியவர் சட்டென்று கண்ணில் படவில்லையா? எதிரிலும் பக்கங்களிலும் பார்த்துக்கொண்டு தெர்மலைவிட்டு வெளியேறுங்கள். போன உயரத்தை இன்னொரு தெர்மலில் பிடித்துக்கொள்ளலாம்.

மீறி மோதிவிட்டால்? கயிறுகள் சிக்கி, இருவரும் சுழல ஆரம்பிப்பார்கள். சுழற்சி கூடக் கூடக் கையை நகர்த்துவதே கஷ்டமாகிவிடும். உயரம் குறைவு என்றால் யோசிக்கவே யோசிக்காதீர்கள்: ரிசர்வ் பாராசூட்டின் கைப்பிடியைப் பிடுங்கி, வெட்டவெளி பார்த்து முழு பலத்தோடு வீசுங்கள். அது விரிந்ததும் பழைய இறக்கையை இழுத்துச் சுருட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் எதிரெதிரே இழுத்து உங்களை வேகமாகக் கீழே இறக்கிவிடும்.

டேண்டமில் பயணியாகப் போகிறவர்களும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். பக்கத்தில் யாராவது நெருங்கி வந்தால், பைலட் பார்த்திருப்பார் என்று நினைத்து விட்டுவிடாமல் சத்தமாகச் சொல்லுங்கள். செல்ஃபி அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

பையைக் கட்டும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் ரிசர்வை கடைசியாகப் பிரித்து மடித்தது எப்போது? தேதி நினைவில்லையென்றால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து மடித்து வாங்காமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள்.