மண்ணுக்கடியில் மூன்று லட்சம் வோல்ட்

தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் (DC) பாதை ஒன்று போகிறது. 2021-ல் தொடங்கிவைக்கப்பட்ட இதன் திறன் 2,000 மெகாவாட். கோபுரங்களின் மேல் போகும் கம்பி, வீடும் தோப்பும் நெருங்கிக் கிடக்கும் கேரளத்தில் கடைசிப் பகுதியில் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. மேலே இருந்தவரை காற்றே மின்காப்பு. கீழே போனதும் கடத்திக்கும், மண்ணோடு இணைத்த உலோக உறைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் பிளாஸ்டிக் மட்டும்தான்.

அந்தப் பிளாஸ்டிக், பாலித்தீன் பையின் உறவுக்காரன்தான். சாதாரண பாலிஎத்திலீன் 110 டிகிரிக்கு அருகே உருகத் தொடங்கும். 1963-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் பெராக்சைடு சேர்த்துச் சூடாக்கி, அதன் நீண்ட மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டார்கள். கடத்தி 90 டிகிரியில் ஓயாமல் இயங்கினாலும் இது உருகி ஓடாது. எண்ணெயில் ஊறிய காகிதம் சுற்றிய பழைய கேபிள்களை இது மெல்ல மெல்ல ஓரங்கட்டியது.

ஆனால் முதல் தலைமுறைக் கேபிள்கள் பல, ஆயுள் முடியும் முன்பே வெடித்தன. வெட்டி மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், காப்புக்குள் கிளைவிட்ட செடிபோன்ற தடங்கள். ஈரமும் மின்புலமும் சேர்ந்து, ஒரு தூசியிலோ நுண்ணிய குமிழியிலோ தொடங்கி, ஆண்டுக்கணக்கில் வளர்த்தவை இந்த ‘நீர் மரங்கள்’. நீராவிக்குப் பதில் உலர்ந்த நைட்ரஜனில் பதப்படுத்தி, மூலப்பொருளைச் சுத்தமாக்கிய பிறகுதான் நிலைமை சீரானது. கேபிள் விஷயத்தில் புதிய வேதிப்பொருளைவிட அதிகம் சாதித்தது சுத்தம்தான் என்பது என் எண்ணம்.

நேர்மின்சாரத்துக்கு அந்தச் சுத்தமும் போதவில்லை. மாறுமின்னோட்டத்தில் திசை நொடிக்கு நூறு முறை புரள்வதால், காப்புக்குள் மின்னூட்டம் தங்க நேரமில்லை. நேர்மின்னில் அது உள்ளே புகுந்து சிக்கி, நாள் செல்லச்செல்லக் குவிகிறது. குவிந்த இடத்தில் புலம் பலமடங்கு ஏறலாம். இதற்கு ஒரு காரணம் நாமே போட்ட பெராக்சைடு! முடிச்சுப் போட்டபின் அது அசிட்டோஃபீனோன், மீத்தேன் போன்ற மிச்சங்களை விட்டுச்செல்கிறது. அவற்றை வெளியேற்ற, கேபிள் சுருளை வெப்ப அறையில் வாரக்கணக்கில்கூட வைத்திருக்கிறார்கள்.

மின்திசையை ஒரேயடியாகப் புரட்டினால் ஆபத்து இன்னும் கூடும்; உள்ளே சிக்கிய மின்னூட்டம் புதிய புலத்தோடு சேர்ந்துகொள்ளும். பழைய வகை நேர்மின் நிலையங்கள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப மின்னழுத்தத்தின் திசையைத்தான் மாற்றும். புகளூர்–திருச்சூர் பாதையில் இருக்கும் புதிய வகை, மின்னோட்டத்தின் திசையை மட்டும் மாற்றும். பிளாஸ்டிக் கேபிளுக்கு இடம் கிடைத்ததே அதனால்தான். அந்தக் கேபிளைத் தயாரித்த ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனம், மின்னூட்டம் குவியாதிருக்க நுண்ணிய கனிமத் துகள்களைக் காப்பில் கலக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது.

இத்தாலியின் பிரிஸ்மியன் வேறு வழியில் போகிறது. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வரை உருகாது. ஆகவே முடிச்சே வேண்டாம், பெராக்சைடும் வேண்டாம், வெப்ப அறைக் காத்திருப்பும் வேண்டாம். ஆயுள் முடிந்தபின் உருக்கி மறுபடி வார்க்கலாம். முடிச்சுப்போட்ட பாலிஎத்திலீனில் அது நடக்காது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்த வழிதான். விறைப்புத்தான் இதன் குறை. பெரிய உருளையில் வளைத்துச் சுற்றவும், குளிரில் விரிசல் விடாமலிருக்கவும் ரப்பர்தன்மையுள்ள பாலிமரைக் கலக்க வேண்டும். எவ்வளவு கலந்தால் இளக்கமும் கிடைக்கும், மின்வலிமையும் குறையாது என்பதில்தான் இன்றைய ஆய்வுகள் பல முனைந்திருக்கின்றன.